முட்டை அறையும் பாய்லர் பெட்டியும்

கருங்காட்டுப்பட்டி, புதூர் வழி
6 அக்டோபர் 2025, திங்கள்

தம்பி சுடலைக்குமாருக்கு,

இன்று காலை ஆறரை மணிக்கு முட்டை அறையின் வெப்பம் 35.2 டிகிரி. சுவரில் தொங்கும் பாதரசத் தெர்மாமீட்டரில் நானே பார்த்தது. இருக்க வேண்டியது 37.5. நீ மாட்டிய தெர்மோஸ்டாட்டும் அறைக்குள் அதே 35.2தான் காட்டியது. ஆனால் அது சொல்வது வெளியே பாய்லருக்குப் போய்ச் சேரவில்லை. பாய்லர் பக்கத்துச் சுவரில் இருக்கும் பெட்டியில் பச்சை அணைந்து, சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. சற்று நேரத்தில் பம்பு நின்றுவிடுகிறது. விறகு எரிந்து வெந்நீர் பாய்லருக்குள் கொதித்துக்கொண்டிருக்க, அறைக்குள் ஓடும் குழாய் மட்டும் ஆறிப்போகிறது.

இதைச் சனிக்கிழமை மதியம்தான் கவனித்தோம். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாலையில்தான் முட்டை வைத்தோம். 612 முட்டை, இருபத்து மூன்று வீட்டு நாட்டுக்கோழி முட்டை. வழக்கம்போல ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயரைப் பென்சிலால் எழுதி, வீட்டுக்கு ஒரு தட்டாக அடுக்கியிருக்கிறோம். 24ஆம் தேதி பொரிக்க வேண்டும்.

ஜூனில் 540 முட்டை வெந்து போனதை நம் மகளிர் குழுவில் யாரும் மறக்கவில்லை. இந்த ஈடும் போனால் ஒருத்தியும் இனி முட்டை கொண்டு வர மாட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட வேண்டியதுதான். அதனால்தான் எழுதுகிறேன். நீ கிளம்பிப் போன அன்று நான் பேசியதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. கருவியைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

இப்போதைக்கு நீ வைத்த கை சுவிட்சை நம்பி ஓட்டுகிறோம். ஒரு முறை அமுக்கினால் ஐந்து நிமிடம் பம்பு ஓடி நிற்கிறது. பகலும் இரவும் முறை போட்டு ஒருத்தி தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்ல, ஒருத்தி வெளியே அமுக்குகிறாள். முறை மாறும் நேரத்தில்தான் வெப்பம் இறங்கிவிடுகிறது. எட்டயபுரத்திலிருந்து எலக்ட்ரீசியன் மணிராஜ் வந்து பார்த்தான். "யக்கா, எதுக்கு இந்தக் கண்ணாமூச்சி? ஒரே ஒரு வயரு. பெட்டிய விட்டுட்டு டைரக்டாக் குடுத்திருவோம், பம்பு தன்னால ஓடிக்கிட்டுக் கெடக்கும்" என்றான். நான் விடவில்லை.

உன் எண்ணுக்குக் கூப்பிட்டால் போவதில்லை. முகவரியை உன்னோடு படித்த செல்வமாரியிடம் வாங்கினேன். புதூரில் போட்டால் ஒரு நாள் தாமதமாகும் என்பதால் கோவில்பட்டிக்குப் போய் விரைவு அஞ்சலில் சேர்க்கிறேன். புதன்கிழமை கிடைக்கும் என்று கவுன்ட்டரில் சொன்னார்கள்.

அழகுத்தாய்


கணபதி, கோயம்புத்தூர்
8 அக்டோபர், புதன்

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்குக் கம்பெனி முகவரியில் கிடைத்தது. மதிய இடைவேளையில் இதை எழுதுகிறேன்.

பெட்டி சிவப்பு காட்டி பம்பை நிறுத்துவது கெட்டுப்போனதால் அல்ல. அப்படித்தான் செய்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டிடமிருந்து பத்து நிமிடம் தகவல் வராவிட்டால் பம்பு நிற்க வேண்டும். அறை ஆறினால் முட்டைக்குச் சில மணி நேரம் பொறுமை உண்டு. நாற்பதைத் தாண்டினால் அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் பேச்சு ஏன் அறுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் இரண்டு பேட்டரியையும் மாற்று. சுவர்க் கடிகாரத்தில் இருப்பதைக் கழற்றிப் போடாதே, புதிது வாங்கு. மாற்றியும் சிவப்பு வந்தால் தெர்மோஸ்டாட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் கொண்டுபோய்ப் பிடி. அங்கே பச்சை நிற்கிறதா என்று பார். பிறகு ஒவ்வொரு அடியாக விலகி அறைக்குள் போ. எந்த இடத்தில் அறுகிறது, கதவு திறந்திருக்கும்போதா சாத்தியிருக்கும்போதா என்று குறித்துக்கொள். அதற்கும் பிறகு இரண்டிலும் உள்ள சின்னப் பொத்தானை ஒரே சமயத்தில் ஐந்து எண்ணும்வரை அமுக்கினால் ஒன்றையொன்று புதிதாக அடையாளம் கண்டுகொள்ளும். இந்த வரிசையிலேயே செய். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாது.

இன்னொன்று. போன ஈட்டுக்கும் இந்த ஈட்டுக்கும் நடுவில் அங்கே என்ன மாறியது? தகரம், பீரோ, தண்ணீர்த் தொட்டி, ஈரச் சாக்கு, எதுவாக இருந்தாலும் எழுது. எலி வயரைக் கடித்ததால்தான் வயர் இல்லாமல் செய்தேன். வயர் இல்லாததற்கு நடுவில் வைக்கும் பொருள்தான் எலி.

மணிராஜை எந்தக் காரணத்துக்காகவும் டைரக்ட் கொடுக்க விடாதே. ஜூனில் அறை 41.5 போனது என்று நீ சொன்னாய். நான் செய்த கருவியில் 38ஐத் தாண்ட வழியே இல்லை. ஆனால் தாண்டியிருக்கிறது. இங்கே என் அறையில் அதேபோல் இன்னொன்று செய்து, மேசை மேல் வைத்து, ஜூன் இருபதிலிருந்து ஓட விட்டிருக்கிறேன். ஒரு முறைகூட அது தாண்டவில்லை. நான் எங்கே பிசகினேன் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

போனில் பேச வேண்டாம். பேசினால் ஜூனில் பேசியதுபோல்தான் ஆகும். எழுதினால் ஒன்றைச் சோதித்த பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.

சுடலைக்குமார்


கருங்காட்டுப்பட்டி
11 அக்டோபர், சனி

தம்பிக்கு,

நேற்று ஏழாம் நாள். முட்டைகளை விளக்கில் பிடித்துப் பார்த்தோம். 612இல் உயிருள்ளவை 487. 88 கரு கூடாதவை, 37 கரு கூடி நின்றுபோனவை. நானும் நம் குழு வள்ளிமயிலும் தனித்தனியாக எண்ணினோம், இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனது.

உன் கடிதமும் நேற்றுத்தான் வந்தது. நீ சொன்ன வரிசையிலேயே செய்தோம். பேட்டரி புதிது, புதூரில் வாங்கியது. மாற்றியும் சிவப்பு. பிறகு நான் தெர்மோஸ்டாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர, வள்ளிமயில் பெட்டி முன்னால் நின்று நிறத்தைக் கத்திச் சொன்னாள். "பச்ச, பச்ச, பச்ச, செவப்பு. யக்கா, நம்ம ரெயில்வே கேட்டே தோத்துப்போவும்" என்றாள். ஒரு கை தூரத்தில் பச்சை நிற்கிறது. ஆறாவது அடியில் விட்டு விட்டு வருகிறது. அறைக்குள் நுழைந்தால் போய்விடுகிறது. கதவு திறந்தாலும் சாத்தினாலும் வித்தியாசம் இல்லை. பொத்தானை அமுக்கி அடையாளம் புதுப்பித்ததில் இருபது நிமிடம் பச்சை நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். இருபத்தோராவது நிமிடம் சிவப்பு.

என்ன மாறியது என்று கேட்டிருந்தாய். எதுவும் மாறவில்லை. பீரோ, தகரம், தொட்டி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பெட்டியை யாரும் திறக்கவில்லை. இதைக் குழுவில் ஏழு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முறை போட்டு ஓட்டுவது ஆறு நாள் தாண்டிவிட்டது. பருத்திக்காட்டுக் களையெடுப்புக்குப் போக வேண்டியவர்கள் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றுத் தன் முறை முடிந்து எழுந்தபோது பத்திரகாளி மதினி எல்லார் முன்னிலும், "அக்காளும் தம்பியும் சண்ட போடுதீங்க, அதுக்கு எங்க முட்டைய அடகு வச்சிருக்கிய" என்றார். அவர் எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

ஊரில் கோழிகளுக்கு ஏதோ வந்திருக்கிறது. சோலைராஜ் வீட்டில் வியாழக்கிழமை இரண்டு செத்தன, நேற்று ஐந்து. கழுத்தைத் திருகிக்கொண்டு சாகின்றன. கோழிக்கூடு பக்கம் போனவர்கள் கைகால் கழுவாமல் முட்டை அறைக்குள் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூனைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுதவில்லை.

அழகுத்தாய்


கணபதி, கோயம்புத்தூர்
13 அக்டோபர், திங்கள்

அக்காவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க இங்கே சோதித்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது. மேசை மேல் இருக்கும் பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். தெர்மோஸ்டாட்டை மாடிப்படி இறங்கி வீட்டுக்காரர் வாசலில் வைத்தேன். நாற்பத்திரண்டு அடி, நடுவில் இரண்டு சுவர். பச்சை அறவில்லை. உன் அறைக்கும் பாய்லருக்கும் இடையே பதினெட்டு அடி, ஒரு சுவர். ஆகவே தூரமும் அல்ல, சுவரும் அல்ல.

உன் கடிதம் இன்று வந்தது. புது பேட்டரி போட்டும் போனதால் பேட்டரியும் அல்ல. ஒரு கை தூரத்தில் நிற்பதால் இரண்டும் செத்துப்போகவும் இல்லை. தெர்மோஸ்டாட் மெதுவாகப் பேசுகிறது, அல்லது பெட்டிக்குக் காது மந்தமாகியிருக்கிறது. எது என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

எதுவும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏழு பேரிடம் கேட்டும் அதையே சொன்னார்கள் என்றால், தினமும் பார்க்கிற பொருளில் மாறியிருக்கிறது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். பெட்டி முன்னால் போய் நில். அதை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொள். மேலிருந்து கீழ்வரை கண்ணில் படுவதை எல்லாம் எழுது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நீ தீர்மானிக்காதே. அதேபோல் தெர்மோஸ்டாட்டையும். வள்ளிமயில் போனில் படம் பிடித்து அனுப்பலாமே என்று தோன்றும். படத்தில் நான் பெட்டியை மட்டும் பார்ப்பேன். நீ எழுதினால் நீயும் பார்ப்பாய்.

கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சாவது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ஒரு வாளியில் பிளீச்சிங் கரைத்து அறை வாசலில் வை.

வேலை நேரத்தில் ஓர் ஆளை உட்கார வைத்தே பம்பை ஓட்டும்படி ஆகிவிட்டது. அதற்காக வருந்துகிறேன். பத்திரகாளி மதினி சொன்னதில் தப்பில்லை.

சுடலைக்குமார்


கருங்காட்டுப்பட்டி
16 அக்டோபர், வியாழன்

தம்பிக்கு,

நேற்று மாலைவரை ஊரில் செத்த கோழி 214. கால்நடை ஆய்வாளர் ரேணுகாதேவி வீடு வீடாகப் போய் எழுதிய எண்ணிக்கை. வெள்ளைக்கழிச்சல்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். முட்டை கொடுத்த இருபத்து மூன்று வீட்டில் பத்தொன்பது வீட்டில் இன்று ஒரு கோழியும் இல்லை. பத்திரகாளி மதினி வீட்டில் பதினெட்டும் போயிற்று. காட்டு ஓரத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். காலையில் கூவ ஒரு சேவல் இல்லாமல் ஊர் எழுந்திருக்கிறது. அந்த வீடுகளுக்கு இனிமேல் கோழி என்றால் இந்த அறைக்குள் இருக்கும் முட்டைதான். வெளியிலிருந்து குஞ்சு வாங்கி உடனே விடக் கூடாது என்று ரேணுகாதேவி சொல்லிவிட்டார். நம் முட்டை நோய்க்கு முன்னாலேயே அறைக்குள் போனது என்பதால் அதைத் தடுக்கவில்லை.

நீ கேட்டபடி பெட்டி முன்னால் நின்று எழுதுகிறேன்.

என் தோள் உயரத்தில் இருக்கிறது. சாம்பல் நிறம். மூடியில் நாலு திருகாணி, நாலும் துருப்பிடிக்கவில்லை. மூடியின் நடுவில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், காய்ந்து வெடித்திருக்கிறது, அதில் குங்குமப் பொட்டு. வலது மேல் மூலையில் ஒரு சாண் நீளக் கறுப்புக் குச்சி, ஏரியல் என்று நீ சொன்னது. அந்தக் குச்சியைச் சுற்றி ஜிகினா மாலை, சிவப்பும் வெள்ளியும் கலந்தது, நாலு சுற்று இறுக்கமாகச் சுற்றி, மிச்சம் பெட்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிறது. அதற்குக் கீழே பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. அதற்கும் கீழே கை சுவிட்ச், அமுக்கி அமுக்கி எழுத்து அழிந்துவிட்டது. அடியில் பம்புக்குப் போகும் வயர், அதன் மேல் பல்லி முட்டை ஒன்று.

சந்தனமும் மாலையும் ஆயுத பூஜைக்கு வள்ளிமயில் போட்டவை. பாய்லர், பம்பு, மண்வெட்டி, தராசு எல்லாவற்றுக்கும் போட்டதுபோல்தான். அடுத்த பூஜைக்குத்தான் கழற்றுவோம். தெர்மோஸ்டாட்டில் பொட்டு மட்டும் இருக்கிறது, மாலை இல்லை.

கண்ணில் பட்டதை எல்லாம் எழுது, எது முக்கியம் என்று நீ தீர்மானிக்காதே என்று எழுதியிருந்தாய். அப்படியானால் ஜூனில் என் கண்ணில் பட்டதையும் எழுத வேண்டும்.

ஜூன் 14, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பெட்டியில் சிவப்பு வந்தது. அதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே தெர்மோஸ்டாட் மூலையில் பேட்டரிப் படம் மின்னிக்கொண்டிருந்தது. நீ நாலு மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருந்தாய், மாற்றவில்லை. சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். அதுவும் பழசு, நிற்கவில்லை. பத்து மணிக்கு எட்டயபுரத்தில் கல்யாணம். மணிராஜைக் கூப்பிட்டு டைரக்ட் கொடுக்கச் சொன்னேன். போய் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று கணக்கு. பஸ் கிடைக்காமல் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தபோது 41.5. மணிராஜ் கொடுத்த வயரை நானே பிடுங்கி அடுப்பில் போட்டேன். குழு வந்து கேட்டபோது தம்பி செய்த கருவி சூட்டைக் கட்டுப்படுத்தவில்லை என்றேன். அடுத்த நாள் நீ வந்தாய். எல்லார் முன்னிலும் கைகட்டி நின்று உன் தவறு என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று சாயங்காலம் நீ பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றபோது நான் பேசிய பேச்சு, மணிராஜ் வயர் மாட்டிய தடத்தை நீ பார்த்துவிடக் கூடாது என்று பேசியது.

நீ பிசகவில்லை.

அழகுத்தாய்


கணபதி, கோயம்புத்தூர்
18 அக்டோபர், சனி

அக்காவுக்கு,

இன்று மதியம் 3.40 முதல் பெட்டியில் பச்சை நிற்கிறது. சொன்னது வள்ளிமயில், போனில். இந்தக் கடிதத்தை எழுதும் ஏழு மணிக்கும் நிற்கிறது என்று இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் 2.50க்கு வந்தது. பெட்டியைப் பற்றிய பத்தியைப் படித்ததும் வள்ளிமயில் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். தபாலில் போட்டால் நடுவில் ஞாயிறும் தீபாவளியும் வந்து புதன்கிழமை ஆகிவிடும். ஏரியல்தான் பெட்டியின் காது. ஜிகினாத் தாள் பார்ப்பதற்கு பிளாஸ்டிக், ஆனால் மேலே அலுமினியப் பூச்சு. அதை நாலு சுற்றுச் சுற்றினால் காதைப் பொத்தியதுபோல் ஆகும். பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். பதினெட்டு அடியில் கேட்காது. பெட்டி தை மாதம் மாட்டியது, ஆகவே இதுதான் அதற்கு முதல் ஆயுத பூஜை. நான் தகரம், பீரோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூஜை போட்டீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. இங்கே நான் வேலை செய்யும் மேசையில் இருக்கும் ஒவ்வொரு மெஷினிலும் அதே மாலை தொங்குகிறது. பதினேழு நாளாக அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

வள்ளிமயில் உடனே கழற்றவில்லை. "பூசைக்குப் போட்டத நடு வருசத்துல கழத்தலாமாண்ணே?" என்றாள். பின்னால் பத்திரகாளி மதினியின் குரல் எனக்குக் கேட்டது. "ஊரே செத்துக் கெடக்கு. இப்பப் போயி சாமி மாலையக் கழத்தி என்னத்தக் கொண்டு வரப் போறிய?" நான் கழற்றச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன் என்றேன். பம்புக்கு மேல் இருக்கும் ஆணியில் மாட்டலாம், அங்கே எந்தக் காதும் இல்லை என்றேன். வள்ளிமயில் அதை அவரிடம் எடுத்துச் சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். கடைசியில் மாலையைத் தன் கையால் இடம் மாற்றியது பத்திரகாளி மதினிதானாம், சூடம் காட்டிவிட்டு.

சந்தனம் இருக்கட்டும். அதனால் ஒன்றும் இல்லை.

வள்ளிமயிலிடம் போனில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: 21ஆம் தேதி பதினெட்டாம் நாள். அன்றோடு முட்டையைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு, உயிருள்ளவற்றைப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு கதவைத் தேவையில்லாமல் திறக்காதீர்கள். 24ஆம் தேதி விடியற்காலையிலிருந்து ஓடு கீறத் தொடங்கலாம். பதினைந்து நாள் வெப்பம் ஏறி இறங்கியதால் சில தட்டுகள் அரை நாள் பிந்தும். வாசல் பக்கத் தட்டுகளைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது.

ஜூனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மேசை மேல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். நூற்றிருபது நாள் ஓடியது. இதைச் செய்து தருமாறு புதூரில் கேட்டிருந்த மூன்று வீட்டாரும் ஜூன் 16ஆம் தேதியே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே வேலைக்கு வந்தேன். அன்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் இருபத்து மூன்று பேர். நீ இப்போது எழுதியதைப் படித்தது நான் ஒருவன்.



சுடலைக்குமார்


கருங்காட்டுப்பட்டி
22 அக்டோபர், புதன்

தம்பிக்கு,

நேற்றுப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றிய உயிருள்ள முட்டை 402. இன்று காலை ஆறரைக்கு அறை வெப்பம் 37.4. பெட்டியில் பச்சை சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு முறையும் அறவில்லை. முறைக்கு இருப்பவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுதி வைத்த தாளைப் பார்த்துச் சொல்கிறேன். பம்பை அமுக்கும் வேலை நின்றுவிட்டாலும் முறை போட்டு உட்காருவதை யாரும் நிறுத்தவில்லை. தீபாவளி அன்றும் ஆள் இருந்தது.

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. அதில் நீ கேட்காமல் கேட்டது நேற்றே நடந்துவிட்டது. நடந்தபடி எழுதுகிறேன்.

தட்டு மாற்றுவதற்கு எல்லாரும் வந்திருந்தார்கள். அறைக்குள் நான்கு பேருக்கு மேல் நிற்க இடம் இல்லாததால் வீட்டு வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அவரவர் தட்டை அவரவர் முன்னால் விளக்கில் பிடித்துக் காட்டினேன். நீ கவலைப்பட்டது சரிதான். வாசலை ஒட்டிய முதல் தட்டு பத்திரகாளி மதினியுடையது. ஏழாம் நாள் அதில் பத்தொன்பது உயிர் இருந்தது. நேற்று ஒன்றுகூட இல்லை. மற்ற தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருந்தது. இந்தத் தட்டு மட்டும் முழுதாகப் போயிற்று. மதினி ஒவ்வொரு முட்டையாக வாங்கி, தானும் விளக்கில் பிடித்துப் பார்த்து, திரும்பத் தட்டிலேயே வைத்தார். பத்தொன்பதையும் பார்த்து முடித்த பிறகு வாசலுக்கு வந்து மற்றவர்களிடம் சொன்னார்: "இவ தம்பி ஜூன்ல வேக வச்சான். இப்ப வெறைக்க வச்சான்."

நான் அறையைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். "மதினி, ஜூன்ல வேக வச்சது அவன் இல்ல. நாந்தான். மணிராஜக் கூப்புட்டு வயரக் குடுக்கச் சொன்னது நான். நீங்க வாரதுக்கு முன்ன பிடுங்கி அடுப்புல போட்டதும் நான்."

பேட்டரி மாற்றாதது, கல்யாணத்துக்குப் போனது எல்லாவற்றையும் உனக்கு எழுதிய வரிசையிலேயே சொன்னேன். நீ அன்றைக்குக் கைகட்டி நின்றதைத் தானும் பார்த்ததாக வள்ளிமயில் சொன்னாள்.

பத்திரகாளி மதினி என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஏட்டி, நாலு மாசமா அந்தப் பயல நாங்க ஏசுன ஏச்சு இருக்கே, வெதைக்கையில, களை பறிக்கையில, பஸ்சுல போகையில. அத இப்ப எந்த ஊர்ல போயிப் பொறுக்கச் சொல்லுத?" என்றார். அதோடு விடவில்லை. "புதூர்ல மூணு வீட்டுல அவன் பேரக் கெடுத்தது நாந்தான். அங்க நீயே போயிச் சொல்லு. நான் கூட வாரேன், நீ முழுங்காமச் சொல்லுதியான்னு பாக்கணும்" என்றார்.

இன்று மதியம் இருவரும் புதூர் போகிறோம். இந்தக் கடிதத்தை அங்கேயே சேர்ப்பேன். அந்த மூன்று வீட்டாரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை.

அடுத்த ஈட்டுக்கு முட்டையை என்னிடம் தருவார்களா என்று குழுவில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படியும் முட்டையிட இப்போது நாலு வீட்டில்தான் கோழி இருக்கிறது. பொரிக்கும் குஞ்சில் வீட்டுக்கு ஒன்று எடுத்துப் பத்திரகாளி மதினிக்குக் கொடுக்கலாம் என்று வள்ளிமயில் ஒரு பேச்சு எடுத்தாள். பத்தொன்பது பேர் சரி என்றார்கள். மூன்று பேர் பொரித்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். மதினி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் போட வேண்டிய சொட்டு மருந்தை 31ஆம் தேதி கொண்டு வருவதாக ரேணுகாதேவி சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை நாலரை முதல் ஒன்பது வரை அறையைப் பார்த்துக்கொள்ளும் முறை தாளில் பத்திரகாளி மதினிக்கு விழுந்திருக்கிறது. முதல் ஓடு கீறுவது அந்த நேரத்தில்தான் என்று நீ எழுதியிருக்கிறாய். முறையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். "எம் முறைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எத்தனை குஞ்சு என்பது சனிக்கிழமை மதியம் தெரியும்.

அழகுத்தாய்